பல்லூடக அறையின் திறப்பை எங்களிடம் தாருங்கள்

வன்னிப் பாடசாலைகளின் மதிப்புக்குரிய அதிபர்களுக்கும் ஆசிரிய ஆலோசகர்களுக்கும்,

வணக்கம். நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பிக்கும் ஆசிரியை. வகுப்பில் படம் காட்டிப் படிப்பிப்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போன தவணையில் நடந்த ஒரு பாடவேளையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1971 ஆகஸ்ட் 2 அன்று, அப்பல்லோ 15இல் போன டேவிட் ஸ்கொட் சந்திரத் தரையில் நின்றுகொண்டு, ஒரு கையில் சுத்தியலும் மறுகையில் வல்லூற்றின் இறகும் பிடித்து, இரண்டையும் ஒரே நேரத்தில் கைவிட்டார். ஒரு நிமிடமும் வராத படத்துண்டு. அவர் கை விரிவதற்குச் சற்று முன்னால் படத்தை நிறுத்தி, "எது முதல்ல விழும்? கொப்பியில எழுதுங்கோ" என்றேன். கூடுதலான பிள்ளைகள் சுத்தியல் என்று எழுதினார்கள். ஒருத்தி மட்டும், "ரெண்டும் விழாது மிஸ், மிதக்கும். சந்திரனில வளி இல்லைத்தானே" என்றாள்.

வளி இல்லாத இடத்தில் ஈர்ப்பும் இல்லை என்று அந்தப் பிள்ளை நம்பியிருக்கிறாள். சமன்பாட்டில் இலக்கங்களைப் போட்டு எப்போதும் சரியான விடை எடுப்பவள். அவளுடைய விடைத்தாள் ஒன்றிலும் இந்த நம்பிக்கை எனக்குத் தெரிந்ததில்லை. படத்தை ஓடவிட்டேன். சுத்தியலும் இறகும் ஒன்றாய் நிலத்தைத் தொட்டன. வகுப்பு இரைந்தது. அந்தச் சத்தத்துக்குள் அவளே கேட்டாள்: "அப்ப ஏன் மிஸ் இவ்வளவு ஆறுதலா விழுது?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன். மிச்சப் பாடவேளை முழுக்க அதற்கே போனது. 1.6 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பொருளுக்கு இங்கே ஏறத்தாழ 0.57 செக்கன், அங்கே 1.4 செக்கன். சந்திரனின் ஈர்ப்பு ஆர்முடுகல், அதாவது விழும் பொருளின் வேகம் கூடும் வீதம், எங்களுடையதில் ஆறில் ஒரு பங்கு என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கணித்து எடுத்தார்கள்.

முன்னர் நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் பல்லூடக அறை விருந்தினர் வரும் நாளில் மட்டும் திறக்கும். திறப்பு அலுவலக லாச்சிக்குள் இருக்கும். புரொஜெக்டரின் குமிழ் எரிந்துபோனால் மாற்றக் காசில்லை, பொருள் காணாமல் போனால் அதிபர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் பூட்டிக் கிடக்கும் கருவியும் பழுதாகத்தான் போகிறது. அறையே இல்லாத பாடசாலைகளும் உண்டு. அங்கே அரைச்சுவர் வகுப்பறைக்குள் அடிக்கிற வெளிச்சத்தில் திரையில் ஒன்றும் தெரியாது. நாங்கள் இரண்டு பக்கமும் படங்கு கட்டிப் பார்த்தோம். புழுக்கம்தான், ஆனாலும் படம் தெரிந்தது.

ஆசிரிய ஆலோசகர்களிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் நல்ல தமிழ்க் காணொளிகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்குச் செய்தவை. அவர்கள் முடுக்கம் என்பதை நாங்கள் ஆர்முடுகல் என்கிறோம். அவர்களுடைய ஒத்ததிர்வு எங்களுக்குப் பரிவு, ஒளிச்சேர்க்கை ஒளித்தொகுப்பு, சவ்வூடு பரவல் பிரசாரணம். பரீட்சைத் தாள் எங்கள் சொல்லில்தான் வரும். அதனால் நான் சத்தத்தை நிறுத்திவிட்டு நானே சொல்லுகிறேன். சில நாள் பிள்ளைகளையே சொல்ல வைக்கிறேன். எங்கள் கலைச்சொற்களில் குரல் கொடுத்த சிறு துண்டுகளை ஒரு பென்டிரைவில் சேர்த்துப் பாடசாலைதோறும் கொடுத்தால் எவ்வளவு உதவியாக இருக்கும்!

படம் தானாகப் பாடமாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 1940 நவம்பர் 7 அன்று அமெரிக்காவில் டக்கோமா நரோஸ் தொங்குபாலம் முறுகி முறுகி உடைந்து விழுந்த படத்தைப் பரிவுக்கு, அதாவது தாளத்துக்குத் தள்ளத் தள்ள அசைவு பெருகுவதற்கு, உதாரணமாகப் பல வருடம் காட்டியிருக்கிறேன். அது பிழை. மணிக்கு 64 கிலோமீற்றர் அளவில் சீராக வீசிய காற்றிலிருந்து, பாலத்தின் முறுகல் அசைவே தன்னை வளர்க்கும் சக்தியை எடுத்துக்கொண்டது. வெளியிலிருந்து தாளத்துக்குத் தள்ளும் விசை அங்கே இல்லை. பரிவுக்கு ஊஞ்சல் போதும். கண்ணால் கண்டதைப் பிள்ளை இலேசில் மறக்காது, நாங்கள் பிழையாகச் சொன்னதையும் சேர்த்து. ஆகவே ஆசிரியர் முதலில் பார்த்து, எந்த இடத்தில் நிறுத்துவது, என்ன கேட்பது என்று யோசிக்க நேர அட்டவணையில் கிழமைக்கு ஒரு பாடவேளையாவது ஒதுக்கித் தாருங்கள். மேற்பார்வைக்கு வரும்போது படம் நின்றபடி இருந்தால், தயவுசெய்து பிள்ளைகளின் கொப்பிகளைப் பாருங்கள்.

மாரியில் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறக்கும்போது சனம் போய்ப் பார்க்கிறது. நீரின் அமுக்கத்தையும் பாய்ச்சல் வேகத்தையும் படிப்பிக்க அதைவிட நல்ல படம் எங்கே கிடைக்கும்? இந்த மாரிக்கு நானும் என் பிள்ளைகளும் கைபேசியோடு அங்கே போக இருக்கிறோம். பாதுகாப்பான இடத்தில் நின்று எடுக்க அனுமதிக் கடிதம் ஒன்று தேவைப்படும். எடுத்ததை எல்லாப் பாடசாலைகளுக்கும் தருவோம்.

நன்றி.

இப்படிக்கு,
வன்னியில் பௌதிகம் படிப்பிக்கும் ஓர் ஆசிரியை