பழைய கமராவைத் தராசில் ஏற்றுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரிக்கு முன் வீடு ஒதுக்கும் நாட்களில் வன்னியின் பல வீடுகளில் பரணிலிருந்தும் றங்குப் பெட்டியிலிருந்தும் பழைய பிலிம் கமராக்கள் வெளியே வருகின்றன. மூடப்பட்ட ஸ்ரூடியோக்களின் அலுமாரிகளிலும் அவை கிடக்கின்றன. "இது வேலை செய்யாது" என்று சொல்லிப் பழைய இரும்பு வாங்க வருபவரின் தராசில் ஏற்றிவிடுகிறோம். அவற்றில் பெரும்பாலானவை செத்த கமராக்கள் அல்ல. கிறீஸ் காய்ந்திருக்கும், வில்லையில் பூஞ்சணம் பிடித்திருக்கும், கதவோரப் பஞ்சு உக்கியிருக்கும், அல்லது பற்றறி கசிந்திருக்கும். இந்த நான்கையும் பாமசியிலும் தையற்கடையிலும் தொலைபேசி திருத்தும் கடையிலும் கிடைக்கும் பொருட்களைக் கொண்டே சரிசெய்யலாம். கமராவை உண்மையில் கொல்வது கையில் எடுத்த முதல் அரை மணித்தியால அவசரந்தான். ஆகவே இதைப் பிரசுரித்து உதவுங்கள்.

முதலாவது, பின்கதவைத் திறக்க வேண்டாம். உள்ளே கழுவாத பிலிம் சுருள் இருக்கக்கூடும். 35 மி.மீ. கமராவில் இடப்பக்க மேல் மூலையிலுள்ள பின்சுற்றும் குமிழை அம்புக்குறி காட்டும் பக்கம் மெல்லத் திருப்புங்கள். கையைத் தடுத்தால் சுருள் இருக்கிறது. அடியிலுள்ள சிறிய பொத்தானை அமர்த்திக்கொண்டு மிக மெதுவாகச் சுற்றுங்கள். தடை விட்டுக் குமிழ் இலேசாகச் சுழலும்வரை சுற்ற வேண்டும். ஈரத்தில் ஒட்டிக்கிடந்த சுருள் இழுவையில் கிழியும். இடையில் இறுகினால் அப்படியே நிறுத்தி, முழு இருட்டறையில் கதவைத் திறந்து கையால் சுருட்டி, வெளிச்சம் புகாத டப்பாவில் போடுங்கள். தொடக்கத்திலேயே தடையின்றிச் சுழன்றாலும் முதல் தடவை இருட்டில் திறப்பதே நல்லது, அறுந்த சுருள் மறுபக்க அச்சில் சுற்றியிருக்கலாம். மேலிருந்து குனிந்து பார்க்கும் இரட்டை வில்லைக் கமராக்களில் 120 என்ற இலக்கமுள்ள அகலமான சுருள் போடப்படும். அதைப் பின்னால் சுற்றக் கூடாது, கைப்பிடி தடையின்றி ஓடும்வரை முன்னோக்கியே சுற்றி முடித்து, கடதாசி வாலை ஒட்டிவிட்டு வெளியே எடுக்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட உறவுகளைத் தேடிப் போராடத் தொடங்கிய தாய்மாரின் கைகளில் இருப்பவை படங்கள். பல குடும்பங்களிடம் அடையாள அட்டைக்கு எடுத்த ஒரு படம்கூட மிஞ்சவில்லை. இடம்பெயர்வுகளைத் தாண்டி வந்த கமராவொன்றுக்குள் பாதி எடுத்த சுருள் இருக்குமானால், அதற்கு ஈடாக வேறெதுவும் இல்லை.

அப்படிக் கிடைத்த சுருளைத் தானியங்கி இயந்திரத்தில் கழுவக் கொடுக்காதீர்கள். முறுகிப்போன பிலிம் உருளைகளில் சிக்கிக் கிழியும். கையால் கழுவும் தொட்டியே பாதுகாப்பு. பழைய கலர்ச் சுருளில் சாயத்தை உண்டாக்கும் பொருட்கள் கெட்டுப்போயிருந்தாலும், கறுப்பு வெள்ளை டெவலப்பரில் கழுவும்போது உருவம் பலமுறை தப்பிவிடும். முதலில் நுனியில் ஒரு சாண் வெட்டிக் கழுவிப் பார்த்து நேரத்தைத் திருத்திக்கொள்ளலாம், ஒரு படம் பலியாகலாம், மற்றவை தப்பும். டெவலப்பர் பொதியில் அச்சிட்ட நேரம் பெரும்பாலும் 20 பாகை செல்சியசுக்கானது. எங்கள் குழாய்த் தண்ணீர் அதைவிட மிகச் சூடு. எல்லாப் போத்தல்களையும், அலசும் தண்ணீரையும் சேர்த்து, ஐஸ் போட்ட பேசினில் வைத்து ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவாருங்கள். ஒன்று குளிராகவும் மற்றது சூடாகவும் இருந்தால் பிலிமின் ஜெலற்றின் படை சுருங்கி நுண்ணிய வலைபோல வெடிக்கும்.

இனிக் கமராவுக்கு வருவோம். போரால் பற்றறிக்குத் தடை இருந்த தொண்ணூறுகளில் இங்கு உழைத்தவை முழுக்கப் பொறிமுறைக் கமராக்களே. பென்ராக்ஸ் கே1000 (1976 முதல் 1997 வரை உற்பத்தியானது), ரஷ்யாவின் செனிற் ஈ, இரட்டை வில்லையுள்ள யாசிக்கா மற் 124ஜி, நிக்கோன் எப்எம்2 ஆகியவற்றுக்கு, திறந்து மூடி வெளிச்சத்தை உள்ளே விடும் ஷட்டர் ஓடப் பற்றறி தேவையில்லை. வெளிச்சம் அளக்க மட்டுந்தான் வேண்டும். செனிற் ஈயின் அளவிக்கு அதுவும் வேண்டாம், வெளிச்சத்திலேயே மின் தரும் செலனியம் கலம் இருக்கிறது. கனன் ஏஈ-1 அப்படியல்ல, 6 வோல்ற் பற்றறி இல்லாவிட்டால் ஷட்டரே விழாது. பற்றறி இல்லாமல் அதை அமர்த்திப் பார்த்துவிட்டுப் பழுதென்று எறிந்தவர்கள் ஏராளம். யாசிக்கா இலக்ரோ 35 பற்றறியின்றி 1/500 வினாடி வேகம் ஒன்றில் மட்டும் ஓடும். அதில் இன்னொன்றையும் கவனியுங்கள்: பிலிம் நெம்பைத் தள்ளும்போது உள்ளே "டொக்" என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உள்ளேயிருக்கும் சிறு றப்பர்த் துண்டு பொடிந்துவிட்டது. மேல்மூடியைக் கழற்றிப் புதுத் துண்டு ஒட்டாமல் வெளிச்ச அளவீடு சரிவராது.

சுயமாக எடுக்கும் நேரநெம்பைப் பழைய கமராவில் தொடவே கூடாது. அதன் பற்சக்கரங்கள் காய்ந்திருந்தால் பாதி வழியில் நின்று ஷட்டரையும் பூட்டிவிடும். இரட்டை வில்லைக் கமராக்களின் இதழ் ஷட்டரில் 1/500 வேகம் வேண்டுமென்றால் இழுத்து ஏற்றுவதற்கு முன்பே வைத்துவிடுங்கள். பல ஷட்டர்களில் அந்த வேகத்துக்கென்று தனி வில்சுருள் உண்டு, ஏற்றிய பின் திருப்பினால் அது முறியும்.

ஷட்டர் இதழ்கள் ஒட்டிக்கொண்டால் முதலில் தேடப்படுவது துரு இளக்கும் ஸ்பிரே. அதை அடித்த கமராவைப் பிறகு காப்பாற்றுவது பெரும்பாடு. ஸ்பிரேயின் எண்ணெய் இதழ்களுக்கு இடையில் பரவி, சில வாரங்களில் பிசினாகி, வில்லையின் உட்பக்கத்திலும் படியும். மண்ணெண்ணெயும் வாகனப் பெற்றோலும் கறை விடும். சிகரெற் லைற்றருக்கு ஊற்றும் நப்தாதான் வேண்டியது, கறையின்றி ஆவியாகும். 124ஜியில் முன் வில்லைக் கூட்டைக் கழற்றினால் இதழ்கள் கண்முன்னே தெரியும். கூட்டைக் கழற்றக் குறடு வேண்டாம். சைக்கிள் ரியூப் துண்டொன்றை ஒட்டிய குழாயை அழுத்தித் திருப்பினால் போதும். பஞ்சுக்குச்சியில் ஒரு துளி நப்தா தொட்டு இதழ்களில் வைத்து, ஷட்டரை ஏற்றி ஏற்றி விடுங்கள். கரைந்து வரும் பழுப்பு எண்ணெயை ஒற்றியெடுத்துத் திரும்பச் செய்யுங்கள். காய்ந்ததும் சரியாகி, மறுநாள் மீண்டும் ஒட்டினால் உள்ளே இன்னும் எண்ணெய் இருக்கிறது என்று பொருள். இதழ்களுக்கு ஒருபோதும் எண்ணெய் போடக் கூடாது. ஏஈ-1 இருமுவதுபோலக் கீச்சிட்டால் அது வேறு கதை, காட்சியைத் திருப்பிக் காட்டும் உட்கண்ணாடியைத் தூக்கும் பொறியின் பற்சக்கரம் காய்ந்துவிட்டது. ஊசிமுனையில் தொட்ட மணிக்கூட்டு எண்ணெய் ஒரு துளி போதும்.

வேகம் சரியா என்று பார்க்கக் கருவி வாங்கத் தேவையில்லை. தொலைபேசியில் வினாடிக்கு 240 சட்டகங்கள் எடுக்கும் மெதுவான வீடியோவில், வில்லைக்கு முன்னால் விளக்கை வைத்து ஷட்டரின் பின்பக்கத்தைப் படம்பிடியுங்கள். 1 வினாடி வேகத்தில் 240 சட்டகங்களில் வெளிச்சம் தெரிய வேண்டும், 1/30இல் 8, 1/60இல் 4. அதற்கு மேலான வேகங்களை இப்படி நம்பி அளக்க முடியாது. 1/500 உண்மையில் 1/350 ஆக ஓடினாலும் நெகற்றிவ் பிலிம் பொறுத்துக்கொள்ளும். 1 வினாடியில் வைத்தால் பாதியில் நின்றுவிடுவதுதான் பொதுவான குறை, மெதுவேகப் பற்சக்கரத் தொகுதி அழுக்கு. அதற்கும் நப்தாவே மருந்து.

பூஞ்சணத்துக்கு மூலகாரணம் தோலுறை. பாதுகாப்பென்று நினைத்து உறைக்குள் பூட்டி வைத்த கமராவில்தான் அது அதிகம், தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கிறது. உறையைத் தனியாக வையுங்கள். வில்லையின் மேற்பரப்பில் சிலந்தி இழையாகத் தெரிவதை 3 வீத ஐதரசன் பேரொட்சைட்டு தொட்ட பஞ்சால் நடுவிலிருந்து வெளிநோக்கி வட்டமாகத் துடைத்து, பின் ஐசோபுரொப்பைல் அற்ககோலால் துடைத்தெடுங்கள். கை கழுவும் ஜெல் வேண்டாம், அதில் கிளிசரின் உண்டு. இழை போன பின்னும் தடம் தெரிந்தால் பூஞ்சணம் வில்லையின் பூச்சையே அரித்துவிட்டது, தேய்த்துப் பயனில்லை. படத்தில் பெரும்பாலும் தெரியவும் மாட்டாது. ஒன்றோடொன்று ஒட்டிய இரு வில்லைகளுக்கு நடுவில் பூஞ்சணம் புகுந்திருந்தால் வீட்டில் பிரிக்க முயல வேண்டாம். உள்வில்லைகளைக் கழற்றும்போது எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று விளிம்பில் பென்சிலால் குறியிட்டு, ஒவ்வொரு படிக்கும் தொலைபேசியில் படமெடுங்கள். வில்லையை முன்னும் பின்னும் நகர்த்தும் குவியத் திருகைக் கழற்றினால் புரிகள் பிரியும் இடத்தில் கீறல் போட வேண்டும், அதில் பல தொடக்கங்கள் உண்டு. தவறான தொடக்கத்தில் மாட்டினால் தொலைவுப் பொருள் எதுவும் தெளிவாக விழாது.

அதைச் சோதிப்பது இலகு. பிலிம் ஓடும் தண்டவாளங்களின் மேல் மங்கலாக ஒளி புகும் ரேசிங் தாளை இழுத்து ஒட்டி, அமர்த்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் "பி"யில் திறந்து வைத்து, ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள தொலைத்தொடர்புக் கோபுரத்தையோ பனை வட்டையோ பாருங்கள். அளவுகோல் முடிவிலிக் குறியில் நிற்கும்போது தாளில் உருவம் கூராக இருக்க வேண்டும். குவிய வளையம் இறுகியிருந்தால் வாசலீன் பூசுபவர்கள் உண்டு. எங்கள் வெயிலுக்கு அது உருகி, வெளிச்சத் துவாரத்தைக் கூட்டிக் குறைக்கும் இதழ்களுக்கு ஓடிவிடும்.

காட்சியைத் திருப்பிக் காட்டும் உட்கண்ணாடியில் தூசியிருந்தால் ஊதும் றப்பர்ப் பந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் வெள்ளிப் பூச்சு முன்பக்கத்தில் இருக்கிறது, துணி பட்டாலே கீறும். இரட்டை வில்லைக் கமராவில் அது கறுத்துவிட்டால், பழுதான போட்டோகொப்பி இயந்திரத்தினுள் உள்ள முன்பூச்சுக் கண்ணாடியில் போதிய அகலமானதை வெட்டிப் போடலாம், தடிப்பு மட்டும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும்.

கதவோரப் பஞ்சு தார்போல ஒட்டும் பருவத்தில் இருந்தால், முதலில் ஷட்டரின் மேல் கடதாசி மூடி, ஈர்க்கு நுனியில் அற்ககோல் தொட்டுச் சுரண்டியெடுங்கள். ஈர்க்கு உலோகத்தைக் கீறாது. ஒடுங்கிய பள்ளங்களுக்குக் கறுப்புக் கம்பளி நூல், கீல் பக்கத்துக்குத் தையற்கடையின் கறுப்பு வெல்வெற். கண்ணாடி மோதும் மேற்பஞ்சு மட்டும் ஏறத்தாழ 2 மி.மீ. தடிப்புள்ள மென்பஞ்சாகவே இருக்கட்டும், தடித்த துணி ஒட்டினால் கண்ணாடி முழுதாக மேலெழாது.

பற்றறிக் கிண்ணத்தில் பச்சைப் பூப்பு இருந்தால் வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ தொட்ட பஞ்சால் துடைத்து, அற்ககோலால் முடியுங்கள். கசிந்தது காரம் என்பதால் அமிலம் வேண்டும். 124ஜிக்கு உரிய 1.35 வோல்ற் பாதரசப் பற்றறி இப்போது கிடையாது. 1.5 வோல்ற் பற்றறி அளவைத் தவறாகக் காட்டும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 இலக்கத் துத்தநாகக் காற்றுப் பற்றறி 1.4 வோல்ற் தரும், சுற்றிலும் றப்பர் வளையமொன்று போட்டால் இருக்கையில் இறுகும். கே1000க்கு எல்ஆர்44 ஒன்று போதும், ஆனால் அளவியை நிறுத்தும் ஆளி இல்லை. வில்லை மூடியைப் போடாமல் வைத்தால் பற்றறி இறங்கிவிடும்.

பிளாஷ் உள்ளே பொருத்திய சிறு கமராக்களைப் பழக்கமில்லாதவர்கள் திறக்கவே வேண்டாம். அவற்றின் மின்கொள்ளளவி 300 வோல்றுக்கு மேல் ஏற்றம் வைத்திருக்கும், பற்றறி கழற்றிப் பல நாளான பின்னும் ஆளைத் தூக்கியெறியும். மாணவர்கள் இதில் இறங்கும்போது ஆசிரியர்கள் இதை முதலில் சொல்ல வேண்டும்.

திருத்திய கமராவைச் சோளகத்தில் புழுதியிலிருந்தும் வாடையில் ஈரத்திலிருந்தும் காக்க, இறுக மூடும் பிளாஸ்ரிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் போதும். அரிசி போட வேண்டாம், மாத்தூள் பொறிகளுக்குள் போகும். மாதமொருமுறை எடுத்து எல்லா வேகங்களிலும் ஷட்டரை ஓடவிடுங்கள். ஆனால் ஏற்றிய நிலையில் வைக்காதீர்கள். துணித்திரை ஷட்டருள்ள, கண்ணாடி இல்லாத கமராவின் வில்லையை வெயிலைப் பார்த்தபடி விடவும் கூடாது, குவிந்த வெயில் துணியில் துளை போடும்.

ஸ்ரூடியோ வைத்திருந்தோரிடம் இரு வேண்டுகோள்கள். முற்றாகப் பழுதான கமராவையும் தராசில் ஏற்றாதீர்கள். ஒன்றின் திருகாணியும் கண்ணாடியும் இன்னொன்றை ஓடவைக்கும், அந்தத் திருகாணிகள் வேறெங்கும் கிடையாது. அடுத்தது நெகற்றிவ் பெட்டிகள். பூஞ்சணம் பிடித்த நெகற்றிவ்வைத் தண்ணீரில் கழுவ வேண்டாம். பூஞ்சணம் தின்ற ஜெலற்றின் தண்ணீரில் கரைந்து, உருவமே வழிந்துவிடும். ஒட்டிக்கொண்டவற்றை இழுத்துப் பிரிக்காமல் காய்ந்த இடத்தில் வைத்து, தனியாக இருப்பவற்றை மட்டும் வெண்திரை காட்டும் தொலைபேசிக்கு மேல் சிறிது உயர்த்திப் பிடித்து இன்னொரு தொலைபேசியால் படமெடுத்துக்கொள்ளுங்கள். உறையிலுள்ள இலக்கத்தையும் திகதியையும் அதே படத்தில் சேர்த்து எடுக்க மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய கமரா திருத்தும் ஆர்வலர்கள்,
கிளிநொச்சி.