ஒன்றிப்பு வார மேடையில் சிஸ்டருக்கும் ஒரு நாற்காலி

சனவரி 18 முதல் 25 வரை, பல திருச்சபையாரும் சேர்ந்து செபிக்கும் கிறிஸ்தவ ஒன்றிப்பு செப வாரம் நடத்தும் ஆயர்களுக்கும், பேராயர்களுக்கும், பங்குத்தந்தையருக்கும், போதகர்களுக்கும்,

'ஸ்தோத்திரம்' என்று தொடங்குவதா, 'இயேசுவுக்கே புகழ்' என்று தொடங்குவதா? இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பத்தில் பிறந்து சி.எஸ்.ஐ. (புரோட்டஸ்டன்ட் வழிவந்த தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். நான் 'ஆண்டவரே' என்பேன், மாமியார் 'கர்த்தாவே' என்பார். செபம் முடிந்ததும் சாப்பிடுவது ஒரே குழம்பைத்தான். எங்களுக்கு வருடம் பூராவும் ஒன்றிப்பு வாரம்தான்.

உங்கள் கூட்டங்களுக்குப் பல வருடங்களாக வருகிறேன். மேடை நிறைய வெள்ளை அங்கிகள், பொன்னாடைகள், 'நாமெல்லாரும் ஒரே மந்தை' என்று நீளும் பேச்சுகள். பிள்ளைகளைப் பாட்டுக்குப் பழக்கியது சிஸ்டர்கள். நாற்காலி போட்டு, வந்தவர்களுக்கு டீ கொடுத்ததும் அவர்கள்தான். எல்லாம் முடித்துவிட்டு மூன்றாம் வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். போன தடவை எண்ணிப் பார்த்தேன். மேடையில் பதினோரு பேர். ஒரு பெண்கூட இல்லை.

இந்த வாரம் எங்கே முளைத்தது என்று மேடையில் சொல்வீர்கள்: 1908, நியூயார்க் மாநிலத்தின் கிரேமூர், அருட்தந்தை பால் வாட்சன். சரிதான், எட்டு நாள் செபம் அவர் தொடங்கியது. ஆனால் கிரேமூருக்கு அவருக்கு முன்னாலேயே வந்து குளிர்காலத்தில் குடியேறியவர் ஒரு பெண். லூரானா ஒயிட் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழி) கன்னியராக இருந்தவர். வறுமை வாக்கை முழுதாகக் கடைப்பிடிக்கும் துறவற சபை எங்காவது உண்டா என்று தேடித்தான், அப்போது ஆங்கிலிக்கன் குருவாக இருந்த வாட்சனுக்குக் கடிதம் எழுதினார். இருவரும் சேர்ந்து ஒரு துறவற சபையைத் தொடங்கினார்கள். 1898 டிசம்பரில் லூரானா கிரேமூருக்கு வந்து சேர்ந்த நாளையே அந்தச் சபை தன் பிறந்தநாளாகக் கொள்கிறது. 1909 அக்டோபர் 30 அன்று சபையார் மொத்தம் பதினேழு பேரும் சேர்ந்தே கத்தோலிக்கத் திருச்சபைக்குள் வந்தார்கள். லூரானா தொடங்கிய கன்னியர் சபை இன்றும் இருக்கிறது. அன்னை லூரானாவின் பெயரை நம் மேடையில் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

ஒன்றையும் மறைக்க வேண்டாம். அந்த முதல் செபத்தின் நோக்கம் எல்லாரும் ரோமுக்குத் திரும்ப வேண்டும் என்பதே. என் மாமியார் அப்போது இருந்திருந்தால் அந்தக் கூட்டத்தின் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார். 1930களில் பிரான்சின் லியோனில் பால் கூத்துரியே என்ற குருதான் 'கிறிஸ்து விரும்பும் ஒன்றிப்பு, அவர் விரும்பும் வழியில்' என்று அதைத் திருப்பிவிட்டார். அதனால்தான் இன்று நாம் ஒரே பெஞ்சில் உட்கார முடிகிறது.

அந்தப் பெஞ்சுக்கு வெளியே நடப்பதையும் கேளுங்கள். மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து, கன்னியர் நடத்தும் ஒரு மருத்துவமனையில் இருபது நாள் கிடந்தார். பக்கத்துக் கட்டிலில் ஒரு முஸ்லிம் அம்மா. ரமலான் மாதம். நோன்பு வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதில் அந்த அம்மாவுக்கு ஒரே அழுகை. இரவுப் பணியிலிருந்த சிஸ்டர், விடியுமுன் நோன்பாளிகள் சாப்பிடும் சகர் நேரத்தில் அவரை எழுப்பி, முகம் கழுவ உதவி, தொழுகைக்காகக் கட்டிலைத் திசை பார்த்து நகர்த்திப் போட்டார். மாமியார் கேட்டால் சங்கீதம் வாசிப்பார், பழைய மொழிபெயர்ப்பிலேயே. அந்த வார்டில் ஒன்றிப்பைப் பற்றி யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

ரூத் ஃபாவ் என்ற சிஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் பிறந்த டாக்டர், புரோட்டஸ்டன்ட் திருமுழுக்கு பெற்றுப் பிறகு கத்தோலிக்கராகி, மரியாவின் இதயப் புதல்வியர் சபையில் சேர்ந்தவர். 1960இல் இந்தியாவுக்கு வரவேண்டியவர், விசா சிக்கலில் கராச்சியில் மாட்டிக்கொண்டார். அங்கே தொழுநோயாளர் குடியிருப்பைப் பார்த்தவர் அப்புறம் கிளம்பவே இல்லை. 1996இல் பாகிஸ்தானில் தொழுநோய் கட்டுக்குள் வந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. 2017இல் அவர் இறந்தபோது அந்த இஸ்லாமிய நாடு ஒரு கன்னியருக்கு அரசு மரியாதையோடு அடக்கம் நடத்தியது. நமக்கு வரவேண்டியவர் என்ற சின்ன ஏக்கம் எனக்கு உண்டு.

அதனால் ஒரு வேண்டுகோள். எட்டு நாளில் ஒரு நாளையாவது மண்டபத்தை விட்டுவிட்டு, சிஸ்டர்கள் நடத்தும் முதியோர் இல்லத்திலோ மருத்துவமனையிலோ வையுங்கள். அன்றைக்கு ஒரு சிஸ்டர் பேசட்டும். திருப்பலியில் மறையுரை குருக்களுடையது, தெரியும். ஒன்றிப்புச் செபம் திருப்பலி இல்லையே. சி.எஸ்.ஐ. 2013இலேயே ஒரு பெண்ணைப் பேராயராக்கிவிட்டது. அவர்களோடு சேர்ந்து போடும் மேடையில் பெண் குரலுக்கு என்ன தடை? பேச்சு முடிந்ததும் போதகர் ஐயாவும் சாமியாரும் சேர்ந்து வார்டில் கஞ்சி ஊற்றினால் இன்னும் நல்லது. பொன்னாடைக்கு ஆகும் காசு கஞ்சிக்குப் போதும்.

நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் இதை ஒரு தடவை பேசிப் பாருங்கள். டீயைப் பற்றிக் கவலை வேண்டாம், அந்த ஒரு நாள் நானும் மாமியாரும் போட்டுத் தருகிறோம்.

இப்படிக்கு,
மூன்றாம் வரிசையில் சிஸ்டர்கள் பக்கத்தில் உட்காருகிறவள்