சிறுகதைப் போட்டி நடத்துகிற அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும்

வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். மாலைக்கண்ணாகத் தொடங்கிய விழித்திரை நோய் முதலில் ஓரப் பார்வையையும் பிறகு நடுப் பார்வையையும் தின்றுவிட்டது, இப்போது வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். போன கிழமை உங்களில் ஒருவருடைய போட்டி அறிவிப்பைத் தங்கச்சி வாசித்துக் காட்டினாள். ‘சொந்தக் கையெழுத்தில் இருக்க வேண்டும்’ என்ற இடத்தில் அவள் குரல் நின்றது.

ஏன் கேட்கிறீர்கள் என்பது விளங்குகிறது, பிறர் கதையை யாரும் தன் பெயரில் அனுப்பிவிடக் கூடாது. ஆனால் களவெடுக்கிறவர் அதைப் பார்த்துக் கையால் எழுதியும் அனுப்பலாமே. நான் சொல்லச் சொல்லத் தங்கச்சி எழுதினால்தான் அது என் கையெழுத்து இல்லாமல் போகிறது.

நான் எழுதுவது கணினியில். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான், பார்வையற்ற ஒருவர் அவுஸ்திரேலியாவில் 2006இல் தொடங்கியது, நான் அடிப்பதையெல்லாம் வாசித்துச் சொல்லும். ந, ன இரண்டும் காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும், அதனால் சந்தேகமான சொல்லை எழுத்தெழுத்தாகத் தடவிப் பார்ப்பேன். ஒரு பக்கத்துக்கு ஒரு பின்னேரம் போய்விடும். சரி, அது என் வேலை.

வாசிப்பதுதான் இன்னும் கஷ்டம். முன்பு பரிசு பெற்ற கதைகளைக் கேட்டபோது பாமினி எழுத்துருவில் ஒரு கோப்பு வந்தது. அதில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தெரிகிற உருவம் மட்டும் தமிழ். உங்கள் கண்ணுக்கு ‘அம்மா’ என்று இருப்பது எனக்கு ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்று கேட்கிறது. உள்ளேயும் தமிழ் எழுத்தாகவே இருக்கிற யுனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. தயவுசெய்து மாற்றி அனுப்புங்கள்.

பார்வை இல்லாதவர் கதையில் காட்சி எப்படி வரும் என்று ஒருவர் என்னிடமே கேட்டார். கோட்டைக்குள்ளால் கோணேஸ்வரத்துக்கு ஏறும்போது மான் கிட்ட வந்தால் தார் ரோட்டில் குளம்பு தட்டும், பிறகு அது நிற்கும், வாழைப்பழத் தோலை மெல்லுகிற சத்தம் முழங்கை உயரத்தில் கேட்கும். நான் எழுதுகிற காட்சி அதுதான், அதை யாரிடமும் கேட்டு எழுதவில்லை.

‘கையெழுத்தில் அல்லது யுனிகோட் தட்டச்சில்’ என்று அந்த விதியை மாற்றுங்கள். சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள், உங்கள் முன்னால் இருந்தே ஒரு பக்கம் எழுதிக் காட்டுகிறேன். கதை முடிந்துவிட்டது, 9 பக்கம். முடிவுத் திகதிக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது.