ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வேண்டாம், வசந்தி

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் இன்னமும் உன்னைச் "சத்தமா சிரிக்கிற சித்தி" என்றுதான் சொல்கிறாள், மாற்றிக்கொள்ள மாட்டாளாம்.

விஷயத்துக்கு வருகிறேன். படிப்பகத்துக் கூரைக்காகத் துணி சேகரிப்பையும் கலை நிகழ்ச்சியையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை முடித்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம்டி. நடுவே மூன்று வாரமாவது விடு. துணி வருகிற நாளில் கூடம் முழுக்க மூட்டை கிடக்கும், இருக்கிற ஆட்களெல்லாம் பிரிக்கிற வேலையில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். மேடையை யார் பார்ப்பது, சீட்டை யார் கிழிப்பது? தவிர, பழந்துணியைக் கிலோக் கணக்கில் விற்றுக் கூரை போட முடியாது, கிடைப்பது சொற்பம். துணியால் உங்களுக்கு வரப்போகும் லாபம் ஆள் அறிமுகம். மூட்டை கொண்டுவருகிறவர் ஒவ்வொருவரின் பெயரையும் எழுதிக்கொண்டு, நிகழ்ச்சி அழைப்பைக் கையோடு கொடுத்துவிடு. பணம் அவர்கள் வழியாகத்தான் வரும்.

துணி கேட்டு அறிவிப்பு ஒட்டுவதற்கு முன், அதை வாங்கிக்கொள்ளப் போகிறவர்களைக் கேள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் சாலையோரங்களில் யாரும் எடுக்காத பழந்துணி குவிந்து கிடந்தது உனக்கு நினைவிருக்கும். கொடுத்தவர்கள் மனசில் குறையில்லை. என்ன வேண்டும் என்று கேட்க ஆளில்லை. விடுதியோ முதியோர் இல்லமோ, பொறுப்பாளரோடு உட்கார்ந்து எத்தனை பேர், என்ன வயது, என்ன அளவு, போர்வை வேண்டுமா என்று பட்டியல் போடு. அந்தப் பட்டியலையே அறிவிப்பாக ஒட்டு. "பழைய துணி தாருங்கள்" என்றால் வீட்டில் கழிந்ததெல்லாம் வந்து சேரும். "8 வயதுப் பையன்களுக்குக் கால்சட்டை 40" என்றால் ஜனங்கள் பீரோவைத் திறந்து தேடுவார்கள். உள்ளாடை புதிதாக மட்டும் என்பதைப் பெரிய எழுத்தில் போடு.

ஒரு சட்டை சுமார் 200 கிராம், ஜீன்ஸ் 600 கிராமுக்கு மேல். 500 உருப்படி வந்தால் 150 கிலோ என்று கணக்கு வைத்துக்கொள். ஒரு பை 10 கிலோவைத் தாண்டவேண்டாம். தாண்டினால் பையும் கிழியும், தூக்குகிறவர் இடுப்பும் பிடிக்கும்.

பிரிக்கிற மேசையில் மூன்று பேரை வரிசையாக உட்கார வை. முதல் ஆள் தடித்த கையுறையோடு எல்லாப் பாக்கெட்டிலும் கைவிட்டுப் பார்க்க வேண்டும். ஊக்கு, ஊசி, சில சமயம் மோதிரம்கூட இருக்கும். அடுத்தவர் துணியை வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்து அக்குள், காலர், தொடை உரசும் இடம் மூன்றையும் பார்க்க வேண்டும். துணி முதலில் நைவது அங்கேதான். மூன்றாமவர் ஜிப்பை ஏற்றி இறக்கி, பொத்தானைச் சரிபார்த்து, அளவை எழுதி மடிப்பார். உடுத்தத் தகுந்தது, தைத்தால் தேறுவது, துடைக்கிற துணிக்குப் போவது என்று மூன்று குவியல். பத்து நிமிடத்துக்கு மேல் தையல் கேட்கிற துணியைக் கடைசிக் குவியலுக்குத் தள்ளிவிடு, இல்லாவிட்டால் தைக்கிற குவியல் வருஷக் கணக்கில் அப்படியே கிடக்கும். ஷூ வந்தால் கயிற்றை முடிந்து அப்போதே ஜோடி சேர்த்துவிடு.

வந்த பையை அன்றே திற. ஒரே ஒரு ஈரத் துண்டு உள்ளே இருந்தாலும் கட்டிய பிளாஸ்டிக் பையில் இரண்டு மூன்று நாளில் பூசணம் பிடித்து மொத்தமும் நாறும். அதற்காகப் பாச்சா உருண்டை போட்டு வைக்காதே. அந்த உருண்டையின் நாப்தலீன் ஏறிய துணியைப் போட்டால், ரத்தத்தில் ஜி6பிடி என்கிற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள பச்சைக் குழந்தைக்கு ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள் காமாலை வரலாம், உயிருக்கே ஆபத்து. அந்தக் குறைபாடு இருப்பது பெற்றவர்களுக்கே பெரும்பாலும் தெரியாது. உருண்டை நெடி அடிக்கிற எதையும் குழந்தைகள் பையில் சேர்க்காதே. யார் எவ்வளவு சொன்னாலும் இதில் இளகாதே, வசந்தி. சின்னக் குழந்தைகள் சட்டையில் கழுத்துக் கயிறு இருந்தால் உருவி எடுத்துவிடு. எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கும்.

இனி உனக்குப் பிடித்த பகுதி. நீ பாடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று பாட்டோடு நிறுத்து. சரோஜா டீச்சருக்கு நாம் கொடுத்த வாக்கு இருக்கிறது.

கூடம், நாற்காலி, ஒலிபெருக்கி மூன்றும் இரவலாகக் கிடைக்காவிட்டால் சீட்டு வசூல் அதிலேயே கரைந்துவிடும். உண்மையான வரவு நிகழ்ச்சியன்று கூடத்தில் மாட்டி விற்கிற ஓவியங்களில் இருக்கிறது. கூவி ஏலம் விடாமல் எழுத்து ஏலம் வை. படத்துக்குக் கீழே ஒரு தாள், வேண்டுகிறவர் பெயரையும் தொகையையும் அதில் எழுதட்டும். தொடக்கத் தொகை மதிப்பில் பாதியைத் தாண்டக் கூடாது. அடுத்தவர் பத்தில் ஒரு பங்காவது கூட்டித்தான் எழுத வேண்டும். எல்லாத் தாளையும் ஒரே சமயத்தில் மூடாமல், வரிசை வரிசையாகப் பத்து நிமிட இடைவெளியில் மூடு. முதல் வரிசையில் விட்டவர் இரண்டாவதில் விடாப்பிடியாக நிற்பார். கடைசி வரிசையை நிகழ்ச்சி முடிய அரை மணி முன்பே மூடினால்தான் ஆட்கள் கிளம்புவதற்குள் பணம் வாங்க முடியும். வரைந்தவருக்கு எவ்வளவு, படிப்பகத்துக்கு எவ்வளவு என்பதை முன்பே எழுதி வாங்கிவிடு. படத்தின் நடுமையம் தரையிலிருந்து சுமார் 145 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். குழந்தைகள் வரைந்ததற்கும் ஒரு சுவர் ஒதுக்கு. வரைந்த பிள்ளையோடு வீடே கிளம்பி வரும்.

ஒலிபெருக்கிகளை மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து நிறுத்தச் சொல். பின்னால் நின்றால் அதன் சத்தத்தையே மைக் மறுபடி பிடித்து ஊளையிடும். குறைத்து வைத்தால் பின்வரிசைக்கு ஒன்றும் கேட்காது. பதிவு செய்த பாட்டைப் பொது மேடையில் ஒலிக்கவிட உரிமம் வாங்க வேண்டியிருக்கும், அதையும் விசாரித்துவிடு.

பணம் கேட்கிற பேச்சு இடைவேளைக்கு முன்னால், மூன்றே நிமிடம். கடைசியில் வைத்தால் பாதிப் பேர் வாசலில் நிற்பார்கள். கூரைக்கு மொத்தம் இவ்வளவு என்றால் யாருக்கும் மனசில் பதியாது. ஒரு தகடு இவ்வளவு என்று சொல். நிஜத் தகடு ஒன்றையே மேடையில் சாய்த்து வை. எண் அச்சிட்ட ரசீது, எண்ணுவதற்கு எப்போதும் இரண்டு பேர், இருவர் கையெழுத்தும். வரவு செலவை ஒரு வாரத்துக்குள் படிப்பகச் சுவரில் ஒட்டு. வந்த துணி எத்தனை, போனது எத்தனை, கழித்தது எத்தனை என்பதும் அதிலேயே இருக்கட்டும். அடுத்த முறை கேட்கப் போகும்போது அந்தத் தாள்தான் உங்களுக்காகப் பேசும்.

பட்டியல் தயாரானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. தைக்கிற குவியலில் ஜிப் போனதையெல்லாம் இங்கே அனுப்பிவிடு, மாற்றித் தருவது என் பொறுப்பு. தேதியை மட்டும் இன்றே மாற்றச் சொல்.

அன்புடன்,
மலர்