ஒரு ஞாயிறு மாலை, எழுத்தில்

எங்கள் பகுதி சமுதாய நலக்கூடத்தின் பொறுப்பில் இருக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் இரண்டாம் ஞாயிறு மாலை எங்கள் சேர்ந்திசைக் குழுவின் ஆண்டு நிகழ்ச்சிக்குப் பதிவு செய்திருந்த கூடம், வியாழக்கிழமை மதியம் வந்த ஒரே போனில் ரத்தானது உங்களுக்குத் தெரியும். பணம் கட்டிய ரசீது என்னிடம் இருக்கிறது, அதன் அடிக்கட்டை உங்களிடம் இருக்கும். ஆகவே நடந்ததை மறுபடி விவரிக்கப்போவதில்லை. கேட்க வந்தது ஒன்றுதான். இன்னும் இரண்டு வாரத்துக்குள், ஒரு ஞாயிறு மாலை நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை கூடத்தைத் தாருங்கள். அதை எழுத்தில் தாருங்கள்.

"அதனால என்ன, அடுத்த மாசம் வெச்சுக்குங்களேன்" என்றார்கள் உங்கள் அலுவலகத்தில். ஏளனமாகச் சொல்லவில்லை, நல்ல மனதோடுதான் சொன்னார்கள். அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லத்தான் இந்த மடல்.

எங்கள் உதவித்தொகையில் படிக்கும் நான்கு பிள்ளைகளில் ஒருவன் வியாசர்பாடிப் பையன். வயது பதின்மூன்று. திருவொற்றியூருக்குச் சீடர் வீணை குப்பய்யர் அழைத்து தியாகராஜர் வந்தபோது திரிபுரசுந்தரி அம்மன் மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடினார் அல்லவா, அதில் சுத்தசாவேரி ராகத்தில் உள்ளதை அவன் ஏழு மாதமாகப் பயின்றான். முதலில் அவன் தனியாகப் பாடுவான், பிறகு நாங்கள் நாற்பது பேரும் நான்கு குரலில் சேர்ந்துகொள்வோம். நம்ம ஊரில் பிறந்த பாட்டை நம்ம ஊர்ப் பையன் மேடையில் பாடட்டும் என்று எங்கள் வாத்தியாருக்கு ஆசை. அவன் அம்மா எம்.சி. ரோட்டில் போய் வெள்ளைச் சட்டை வாங்கிவந்தார். வளர்கிற பிள்ளை என்று ஒரு அளவு பெரிதாகவே வாங்கியிருக்கிறார், கையை இரண்டு மடிப்பு மடித்துப் போட்டுப் பார்த்தோம்.

வளர்கிற பிள்ளைதான். சிக்கலே அதுதான்.

போன மாதம் வரை பெண்களோடு சேர்ந்து ஐந்தரைக் கட்டைச் சுருதியில் அலட்டாமல் பாடியவனுக்கு, நிகழ்ச்சி நின்றுபோன அடுத்த வாரம் மேல் சட்ஜத்தில், அதாவது மேல் 'ஸ'வில், குரல் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி அவன் குரல், மறுபாதி அவன் அப்பா குரல் மாதிரி. முதல் தடவை எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். மூன்றாவது தடவை யாரும் சிரிக்கவில்லை. அவன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றுகொண்டிருந்தான். சுருதியை இறக்கிப் பார்க்கலாமே என்று நாலு கட்டையில் முயன்றோம். அவனுக்குக் கொஞ்சம் எட்டியது. ஆனால் அடியில் பாஸ் என்கிற கீழ்க்குரல் பாடுகிற எங்களுக்குக் காற்று மட்டும்தான் வந்தது.

இதற்கு மகரக்கட்டு என்று பெயர். வால்டாக்ஸ் ரோடு ஒற்றைவாடைக் கொட்டகையில் நாடகம் பார்த்த தாத்தா யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கேளுங்கள், பிள்ளைகளே நடித்த பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுப் பையன்களை இது என்ன பாடு படுத்தியது என்று சொல்வார். ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கழித்து அவனுக்கு நல்ல குரல் அமையும், டெனர் என்கிற ஆண் மேல்குரலோ பாஸோ. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்தக் கீர்த்தனையை இந்தக் குரலில் பாட அவனிடம் மிச்சம் இருப்பது வாரக் கணக்கு. காலையில் தொண்டை தெளிந்திருக்கும் நாட்களில் இன்னும் முழுசாகப் பாடிவிடுகிறான். அடுத்த மாசம் பாடுவானா என்று வாத்தியாரே சொல்ல மாட்டேன் என்கிறார். அதனால்தான் இரண்டு வாரத்துக்குள் என்று கேட்கிறேன். ஒரு ஞாயிறு மாலை.

அடுத்தது வாடகை. நான் பொருளாளர், பேசாமல் இருக்க முடியாது. உங்கள் விண்ணப்பப் படிவத்தில் திருமணம், வளைகாப்பு, காதணி விழா, பிறந்தநாள், இதர என்று இருக்கிறது. சேர்ந்திசை என்று நாங்கள் எழுதியதை அடித்துவிட்டு 'ஆர்கெஸ்ட்ரா' என்று எழுதி வணிக நிகழ்ச்சியில் சேர்த்துவிட்டார்கள். ஆர்கெஸ்ட்ராவை நான் குறைத்துச் சொல்லவில்லை. எங்கள் டெனர்காரர் இருவர் அங்கே கீபோர்டு வாசித்துத்தான் குடும்பம் நடத்துகிறார்கள். ஆனால் அவர்களுக்குப் பேசிய பணம் உண்டு. எங்கள் நிகழ்ச்சிக்கு டிக்கெட்டே கிடையாது. துறைமுகத்தில் ஓய்வுபெற்றவர், ஆஸ்பத்திரி நர்ஸ், காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா என்று ஆளுக்கு மாதம் இருநூறு ரூபாய் போடுகிறோம். அதுதான் பிள்ளைகளின் பாட்டு வகுப்புக்கும் பஸ் காசுக்கும் போகிறது. நீங்கள் கூடுதலாக வாங்கியது ஒரு பிள்ளையின் ஐந்து மாத வகுப்புக் கட்டணம். நோட்டில் அந்த வரியை எழுதும்போது பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அந்த ஞாயிறு கூடத்தில் யார் வீட்டு விசேஷம் நடந்தது என்று கேட்கப்போவதில்லை. ஊருக்கே தெரியும். வளைகாப்பு நடந்த பெண்ணும் பிறக்கப்போகும் குழந்தையும் நன்றாக இருக்கட்டும், பின்னாளில் அந்தக் குழந்தை எங்களிடம் பாட வந்தாலும் சேர்த்துக்கொள்வோம். அன்றைக்கும் கூடத்தில் பாட்டுக்குக் குறைவில்லை, ஸ்பீக்கர் தெருமுனை வரை கேட்டது. நாங்கள்தான் மொட்டை மாடியில் நின்று, எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் ஹாரனுக்கு நடுவே நான்கு பிள்ளைகளுக்கும் உதவித்தொகை உறையைக் கொடுத்து அனுப்பினோம். பாட்டு இல்லை. கலைந்து போகும்போது ஒரு பொடிசு மட்டும் அந்த ஹாரனுக்கு ஸ்வரம் சொல்லிப் பார்த்தது.

இசைக்கான படைப்பாக்க நகரம் என்று 2017இல் யுனெஸ்கோ சென்னையைச் சேர்த்துக்கொண்டபோது எல்லோருக்கும் பெருமைதான், எனக்கும்தான். அந்தச் சென்னை எந்தப் பாலத்தோடு முடிகிறது என்பதைத்தான் சொல்ல மறந்துவிட்டார்கள். ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் வாசித்ததைக் கேட்க வித்வான்களெல்லாம் இந்தப் பக்கம்தான் வந்தார்கள். இப்போது எங்கள் பிள்ளைகள் மேடை ஏற மயிலாப்பூர் போய்த் திரும்ப ராத்திரி பத்தாகிறது. இங்கே புதிதாக வருவது எல்லாம் குடோன்தான். மன்னிக்கவும், எங்கோ போய்விட்டேன். குடோன் உங்கள் துறை இல்லை.

கூடம் உங்கள் துறை. வருகிற இரண்டு ஞாயிறுகளில் எது காலியோ அதைத் தாருங்கள். புதிதாகப் பணம் கேட்காமல் பழைய ரசீதையே ஏற்றுக்கொள்ளுங்கள், வணிகக் கணக்கில் கூடுதலாக வாங்கியதைத் திருப்பித் தாருங்கள். நடுவில் வேறு யார் கேட்டாலும் மாற்ற மாட்டோம் என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தாருங்கள். வாய் வார்த்தை வேண்டாம், தயவுசெய்து.

திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு ரசீதோடு வருகிறேன். அதிகாரி இல்லை என்றால் வரும்வரை வெளி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பையனுக்கு அன்று பள்ளிக்கூடம், அவனை அழைத்துவர மாட்டேன்.

பணிவுடன்,
பொருளாளர், சேர்ந்திசைக் குழு
தண்டையார்பேட்டை