எங்கள் ரோபோவுக்கு அழக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

போன சனி, ஞாயிறு இரண்டு நாளும் திருச்சியில் எங்கள் நாடகத்தைப் பார்க்க வந்தவர்களுக்கும், அது மேடையேறக் கைகொடுத்தவர்களுக்கும் மேடையிலேயே நன்றி சொல்ல நினைத்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால் இந்த மடல்.

மனைவியை இழந்த ஒரு பெரியவர். அவர் வீட்டுக்கு வேலைக்கு வரும் மனித உருவ ரோபோ. அது நம் உணர்ச்சிகளைக் கற்றுக்கொள்ளப் படும் பாடுதான் கதை. "சயின்ஸ் ஃபிக்‌ஷன் எல்லாம் சபாவில் எடுபடாது" என்று பலர் சொல்லி நான் சோர்ந்திருந்த நேரம். பூர்ணம் விஸ்வநாதன் நடித்த சுஜாதாவின் 'கடவுள் வந்திருந்தார்' நாடகத்தை நேரில் பார்த்த ஸ்ரீரங்கத்துப் பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். "எதிர்காலத்திலிருந்து வந்தவனையே நம்பிச் சிரித்த ஜனங்கள், இதை நம்பமாட்டார்களா?" என்று கேட்டு, ஹால் வாடகையில் பாதியைக் கையில் வைத்தார். ஐயா, அன்று நீங்கள் வரவில்லையென்றால் இந்த நாடகமே இல்லை.

ரோபோவுக்கு வெள்ளிப் பெயிண்ட், ஜிகினாத் தாள் எல்லாம் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தோம். 'ரோபோ' என்ற சொல்லே ஒரு நாடகத்தில்தான் பிறந்தது. 1921இல் பிராக் நகரில் மேடையேறிய, செக் எழுத்தாளர் காரெல் சாபெக்கின் அந்த நாடகத்தில் வரும் ரோபோக்கள் இரும்பு பொம்மைகள் அல்ல. பார்க்க மனிதர்கள் மாதிரியே இருப்பார்கள். எங்கள் ரோபோவும் உறையூர் கைத்தறிச் சேலைதான் கட்டியது. சேலை கொடுத்த நெசவாளர் குடும்பத்துக்கு எங்கள் வணக்கம்.

அப்படியானால் அது ரோபோ என்று எப்படித் தெரியும்? அந்த முடிச்சை அவிழ்த்தவர் பரதநாட்டிய ஆசிரியை ஒருவர். கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும், கண் போகும் இடத்துக்கு மனம் போக வேண்டும் என்பது நாட்டியம் கற்கும் குழந்தைக்குக்கூடத் தெரிந்த பாடம். "அதை அறுத்துவிடுங்கள். கை போகட்டும், கண் தாமதமாக வரட்டும்" என்றார். டம்ளரை எடுக்கக் கை நீளும். ஒரு கணம் கழித்துத்தான் பார்வை திரும்பும். அவ்வளவுதான், எங்கள் நடிகை இயந்திரமாகிவிட்டார்! டீச்சர், மூன்று வாரம் தினமும் மாலை மொட்டை மாடிக்கு ஏறி வந்தீர்கள். ஒரு பைசா வாங்கவில்லை.

அப்புறம், ஓய்வுபெற்ற எங்கள் தமிழாசிரியர். இரண்டாம் காட்சி சப்பென்று இருக்கிறது என்று போனில் புலம்பினேன். அவர் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைச் சொல்ல ஆரம்பித்தார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடு. அழுகைக்கு மட்டும் இளிவு (பிறர் இகழ்வது), இழவு (இழப்பு), அசைவு (பழைய நிலை கெட்டு வருந்துவது), வறுமை என்று நான்கு காரணம். மனசுக்குள் இருப்பது மெய்யில், அதாவது உடம்பில் தெரிவதால் அது மெய்ப்பாடு. உடம்பு மட்டுமே உள்ள ஒன்றுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் ஏது!

அந்த ராத்திரியே காட்சியை மாற்றி எழுதினேன். பெரியவர் கண்ணைத் துடைக்கிறார். ரோபோ கேட்கிறது: "இளிவா, இழவா, அசைவா, வறுமையா?" அவர் சொல்கிறார்: "வெங்காயம்." இரண்டு நாளும் ஹால் அதிர்ந்தது. கடைசிக் காட்சியில் அவர் மனைவியின் படத்துக்கு முன்னால் நிற்கிறார். ரோபோ பக்கத்தில் வந்து மெதுவாக, "வெங்காயமா?" என்கிறது. "ஆமாம்மா" என்கிறார். கை நீளும்போதே அதன் கண்ணும் கூடவே வருகிறது, முதல் தடவையாக. அந்த இடத்தில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தீர்களே, அந்த அமைதிக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கர் பழுதாகி, ரோபோ நடக்கும் சத்தம் நின்றுபோனது. தையல் மெஷினைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்து, திரைக்குப் பின்னால் உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றிய தையல்கார அக்காவுக்கும், ஒத்திகை நாட்களில் டீக்குக் கணக்கே எழுதாத முனைக்கடை அண்ணனுக்கும், இரவு பத்து மணி வரை எங்கள் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட கீழ்வீட்டாருக்கும் மனமார்ந்த நன்றி.

சாய்வு நாற்காலி தந்த அம்மா, அது உங்கள் வீட்டுக்காரர் உட்கார்ந்தது, துணியை மட்டும் மாற்றிவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினீர்கள். மாற்றவில்லை. வரும் ஞாயிறு காலை நாங்கள் எல்லோரும் சேர்ந்து தூக்கிக்கொண்டு வருகிறோம்.