@கம்போசபிள் எங்கே இருக்கும், எங்கே இருக்காது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆண்ட்ராய்டு ஆப்பின் நிரலை (கோட்) நாங்கள் ஒப்படைத்த பிறகு உங்கள் டெவலப்பர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "சில ஃபங்ஷன்களுக்கு மேலே @கம்போசபிள் என்று போட்டிருக்கிறீர்கள், பக்கத்திலேயே இருக்கிற இன்னொன்றுக்குப் போடவில்லை. மறந்துவிட்டீர்களா?" மறக்கவில்லை. யோசித்துத்தான் விட்டிருக்கிறோம். ஏன் என்று ஒருமுறை விரிவாகச் சொல்லிவிட்டால், நாளை அந்தக் கோடைப் பராமரிக்கப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இந்த மடல்.

@கம்போசபிள் (@Composable) என்பது ஒரு அனோட்டேஷன், அதாவது ஃபங்ஷனுக்கு மேலே கம்பைலருக்காக எழுதும் குறிப்பு. அது வருவது ஆண்ட்ராய்டு திரைகளை உருவாக்க உதவும் ஜெட்பேக் கம்போஸில். கம்போஸின் 1.0 பதிப்பு 2021 ஜூலையில் வந்தது. அதில் திரைகளை எக்ஸ்எம்எல் கோப்புகளாக எழுதுவதில்லை, கோட்லின் ஃபங்ஷன்களாகவே எழுதுகிறோம். ஃபங்ஷனுக்கு மேலே நிற்கும் அந்த அனோட்டேஷன், பார்ப்பதற்கு ஒரு லேபிள் மாதிரி இருக்கும். ஆனால் அது ஃபங்ஷனின் டைப்பையே மாற்றிவிடுகிறது. கம்போஸ் கம்பைலர், நாம் எழுதாத 'கம்போசர்' என்ற பாராமீட்டர் ஒன்றை அதற்குள் சேர்க்கிறது. திரையில் எந்த இடத்தில் என்ன இருக்கிறது, எதை நினைவில் வைத்திருக்கிறோம் என்ற கணக்கெல்லாம் அதன் வழியாகத்தான் நடக்கிறது. அதனால் ஒரு கம்போசபிளை இன்னொரு கம்போசபிளுக்குள் இருந்துதான் கூப்பிட முடியும். கோட்லினில் சஸ்பெண்ட் ஃபங்ஷன்களோடு பழகியவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு புதிதல்ல.

எங்கள் விதி ஒரே வரிதான். ஃபங்ஷனுக்குள் இன்னொரு கம்போசபிளைக் கூப்பிடுகிறோமா? ஆம் என்றால் அனோட்டேஷன் போடுவோம், இல்லையென்றால் போட மாட்டோம். "இது திரைக்காக எழுதினது" என்பது போதுமான காரணம் இல்லை.

இதை நாங்கள் பட்டுத்தான் கற்றுக்கொண்டோம். தொடக்க காலத்தில் ஒரு ஆப்பில், தொகையைக் கமா போட்டு, தசமத்தை முழுமையாக்கித் தருகிற சின்ன ஃபங்ஷன் ஒன்றை எழுதினோம். திரையில்தானே காட்டப் போகிறோம் என்று அதற்கும் @கம்போசபிள் போட்டுவிட்டோம். பிறகு அதே தொகையை நோட்டிஃபிகேஷனிலும் காட்ட வேண்டி வந்தது. நோட்டிஃபிகேஷன் அனுப்புகிற சர்வீஸில் கம்போசர் ஏது? கூப்பிட முடியவில்லை. அவசரத்தில் ஃபங்ஷனை நகலெடுத்து அங்கே ஒன்று வைத்தோம். சில வாரம் கழித்து ஒரு நகலில் மட்டும் தசமக் கணக்கைத் திருத்தினோம். திரை ஒரு தொகை சொன்னது, நோட்டிஃபிகேஷன் வேறொன்று சொன்னது. அதைக் கண்டுபிடித்தது நாங்கள் அல்ல, வாடிக்கையாளர். அந்த வெட்கம் இன்றும் எங்களுக்கு நினைவிருக்கிறது. சாதாரண ஃபங்ஷனாக இருந்திருந்தால் எங்கிருந்தும் கூப்பிட்டிருக்கலாம். டெஸ்ட்டும் சாதாரண யூனிட் டெஸ்ட்டாகவே முடிந்திருக்கும். கம்போஸுக்கான டெஸ்ட் ரூலே தேவைப்பட்டிருக்காது.

சரி, ஸ்டேட்டை, அதாவது மாறினால் திரையும் மாற வேண்டிய மதிப்பை, படிக்கிற ஃபங்ஷனுக்குப் போட வேண்டாமா? இது நல்ல கேள்வி. வேண்டாம். ஸ்டேட்டின் மதிப்பை யார் படிக்கிறார்கள் என்பதைக் கம்போஸின் ஸ்னாப்ஷாட் அமைப்பு கவனித்துக்கொள்கிறது. ஒரு கம்போசபிளுக்குள் இருந்து கூப்பிடப்பட்ட சாதாரண ஃபங்ஷன் ஸ்டேட்டைப் படித்தாலும், மதிப்பு மாறும்போது கூப்பிட்ட கம்போசபிள் மறுபடி ஓடும். ஆனால் உள்ளே மதிப்பை நினைவில் வைக்கிற ரிமெம்பர் இருந்தாலோ, தீமிலிருந்து நிறத்தை எடுத்தாலோ, ஆப்பின் சொற்களை எடுத்துத் தருகிற ஸ்ட்ரிங்ரிசோர்ஸைக் கூப்பிட்டாலோ அனோட்டேஷன் கட்டாயம் வேண்டும். திரையில் எதையும் வரையாமல் ஒரு மதிப்பை மட்டும் திருப்பித் தந்தாலும் அப்படித்தான். அத்தகையவற்றின் பெயரைச் சின்ன எழுத்தில் தொடங்குவோம். எதையும் திருப்பித் தராமல் திரையை வரைகிறவற்றின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கும். கம்போஸ் உலகின் வழக்கமே அதுதான்.

அதிகம் குழப்புகிற இடம், நீளமான பட்டியலைக் காட்டுகிற லேசிகாலம் (LazyColumn). அதற்குக் கொடுக்கிற லேம்டா (பெயரில்லாத ஃபங்ஷன்) பார்ப்பதற்குச் சாதாரண காலம் (Column) மாதிரியே இருக்கும், ஆனால் அது கம்போசபிள் லேம்டா அல்ல. பட்டியலில் என்னென்ன வரும் என்று அங்கே விவரிக்க மட்டுமே செய்கிறோம். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் கொடுக்கிற லேம்டாதான் கம்போசபிள். ஆகவே பட்டியலின் ஒரு பகுதியைத் தனி ஃபங்ஷனாகப் பிரித்தால், அது லேசிலிஸ்ட்ஸ்கோப்பின் எக்ஸ்டென்ஷனாக, அனோட்டேஷன் இல்லாமல் இருக்கும். உங்கள் கோடில் அப்படிப் பார்த்தால் பிழை என்று நினைக்க வேண்டாம். பட்டனின் ஆன்கிளிக்கும் இதே கதைதான். தட்டிய பிறகு ஓடுகிற சாதாரண லேம்டா அது. உள்ளே ஸ்ட்ரிங்ரிசோர்ஸ் கூப்பிட்டால் கம்பைலர் மறுக்கும். மதிப்பை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு உள்ளே பயன்படுத்துங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. கம்போசபிள் எப்போது ஓடும், எத்தனை முறை ஓடும் என்பது நம் கையில் இல்லை. அனிமேஷன் நடக்கும்போது ஒவ்வொரு ஃபிரேமிலும் ஓடலாம். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லிசெகண்ட். பாராமீட்டர்கள் மாறவில்லையென்றால் ஓடாமலே விடப்படலாம். சர்வருக்குத் தகவல் அனுப்புவது, டேட்டாபேஸில் எழுதுவது போன்ற வேலையை அதன் உடம்பில் நேரடியாக வைத்தால் ஒரே ஆர்டர் இரண்டு முறை போய்விடும். அத்தகைய வேலையைக் கட்டுப்பாட்டோடு ஓட்ட லான்ச்டுஎஃபெக்ட் இருக்கிறது, திரைக்கு வெளியே வைத்துக்கொள்ள வியூமாடல் இருக்கிறது. சர்வர், டேட்டாபேஸ் வேலையைச் செய்கிற ஃபங்ஷன்களுக்கு நாங்கள் அனோட்டேஷன் போடவே மாட்டோம்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. தேவையான இடத்தில் விட்டுப்போனால் கம்பைலர் உடனே பிழை காட்டும். தேவையில்லாத இடத்தில் போட்டால் அது பிழை என்று நிறுத்தாது. பில்ட் நன்றாகவே ஓடும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவோ, பிழை காட்டும்போதே அனோட்டேஷனைச் சேர்க்கட்டுமா என்று கேட்கும். யோசிக்காமல் ஒத்துக்கொண்டால், அந்த ஃபங்ஷனைக் கூப்பிட்ட ஃபங்ஷனிலும் அதே பிழை வரும், அங்கேயும் சேர்ப்போம், அப்படியே மேலே மேலே பரவும். அந்த இடத்தில் இரண்டு நிமிடம் நின்று, உண்மையில் தேவைப்படுவது ஒரு சொல்லோ நிறமோதானா என்று பாருங்கள். அப்படியென்றால் அதை மேலிருந்து பாராமீட்டராக அனுப்பினாலே போதும்.

எங்கள் பழைய புராஜெக்ட்களில் இந்தத் தவறு இன்னும் சில இடங்களில் இருக்கக்கூடும். சந்தேகமாக ஒரு ஃபங்ஷன் கண்ணில் பட்டால் அனோட்டேஷனை எடுத்துவிட்டு பில்ட் செய்து பாருங்கள். பில்ட் ஆகிவிட்டால் எங்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள், எங்கள் பிரதியிலும் திருத்திவிடுகிறோம்.

அன்புடன்,
உங்கள் ஆப் உருவாக்கக் குழு